நாற்பது நாள் ஈரமாக இருந்த பிரஷ்

நான் அன்று போன் செய்யாமல் இருந்திருந்தாலும் அந்த எண் இறங்கியிருக்குமா?

ஒரு வருடம் ஆகப் போகிறது. இதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. பாத்திரம் கழுவும்போது இறங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. துணி உலர்த்தும்போது இறங்கியிருக்காது என்று தோன்றுகிறது. என் கணவரிடம் கேட்டால், "அதான் எறங்கிருச்சுல்ல, விடு" என்கிறார். அவருக்குக் கடை வேலை. நம் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் இது புரியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

நம் பயிற்சிக் கல்லூரி மலருக்கு, பணி அனுபவம் உள்ளவர்கள் புதியவர்களுக்காக எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற பக்கம் இது. எனக்கு வயது முப்பத்தொன்று. திண்டுக்கல்லில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு வருடம் இருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இதை ஓய்வு என்று சொன்னால் என் இடுப்பு சிரிக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் என்னிடம் இருக்கும் அனுபவங்களிலேயே உருப்படியானது ஒரு பற்பசையைப் பற்றியது. அதை மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மாதம் ஒரு முறை ஒரு குழந்தை வருவாள். ஜெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. கிருமி உள்ளே நுழைந்தால் முதல் ஆளாக ஓடிப்போய் நிற்க வேண்டிய வெள்ளணுக்கள் அவளுக்குப் பிறவியிலேயே குறைவு. மதுரையில் ஒரு பெண் மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் ரத்தம் எடுத்து அணுக்களின் எண்ணிக்கையும் சி.ஆர்.பி.யும் பார்த்து அவருக்கு அனுப்புவோம். சி.ஆர்.பி. என்னவென்று நீங்கள் படித்திருப்பீர்கள். நான் அதை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறேன் என்றால், திண்டுக்கல்லில் எங்கோ புகை வருகிறது என்று போனில் சொல்லிவிட்டுத் தெருப் பெயரைச் சொல்லாமல் வைத்துவிடுகிற ஆள் அது. உடம்பில் அழற்சி என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது.

ஜெனியின் அம்மா சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். டவுன் பஸ்ஸில் போய் வருபவர். மகளுக்கு எப்போது காய்ச்சல் பார்த்தது, என்ன மருந்து, எத்தனை மணி என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருப்பார். நானும் அந்த ரகம்தான். அதனால் எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது. அவர் நோட்டைப் பார்த்து நான் நிம்மதி அடைவேன், என் ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் நிம்மதி அடைவார். ஜெனி எங்கள் இருவரையும் பார்த்து அலுத்துக்கொள்வாள்.

போன வருடம் ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை ஜெனியின் சி.ஆர்.பி. பதினான்கு காட்டியது. அவளுக்கு எப்போதும் ஆறுக்குள் நிற்கும். நான் முதலில் சந்தேகப்பட்டது மெஷினை. அப்புறம் ரத்தத்தோடு கலக்கிற பரிசோதனை மருந்தை. அப்புறம் என்னை. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் பதினான்கு. வேறு வழியில்லாமல் அனுப்பினேன்.

நான் செய்த தவறு அந்த எண்ணில் இல்லை. நான் ஆயக்குடிக்காரி. ஊருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் ஒரு பை கொய்யா கொண்டுவருவேன். அன்று டீச்சரிடம் கேட்டுவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, ஜெனிக்கு ஒன்று கொடுத்தேன். ஒரு கடி கடித்தாள். கடித்த இடத்தில் வெள்ளைச் சதையில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல். 'அட, சிவப்புக் கொய்யா ஒண்ணு கலந்துருச்சு போல' என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆயக்குடியில் பிறந்தவள் இதைச் செய்யலாமா? உள்ளே சிவப்பு என்றால் நடுவிலிருந்து சிவப்பாக இருக்கும். கடித்த விளிம்பில் மட்டும் சிவக்கிற கொய்யா எந்தத் தோப்பில் காய்க்கிறது? இதையும் பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த திங்கள் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு. மதுரை மருத்துவர் சொன்னபடி இங்கே ஒரு குழந்தை மருத்துவர் பரிசோதித்தார். நெஞ்சு சுத்தம், காது சுத்தம், சிறுநீர் சுத்தம், காய்ச்சல் இல்லை. தொண்டையையும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஜெனி தொண்டையைக் காட்டுவதில் தேர்ந்தவள். ஒரே விநாடி 'ஆ' காட்டி மூடிவிடுவாள். பார்த்தவர்கள் எல்லோரும் பற்களைத் தாண்டி உள்ளே பார்த்தார்கள்.

இன்னும் ஒரு வாரம், அதற்குள் காய்ச்சல் வந்தால் உடனே கிளம்பி வரவேண்டும், வராவிட்டாலும் திங்கள் எண் இறங்காவிட்டால் சேர்த்துவிடலாம் என்று மதுரையிலிருந்து உத்தரவு வந்தது. பதினான்கு நாள். நரம்பு வழியாக மருந்து, ஸ்கேன், எங்கே புகை என்று தேடுதல். டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஜெனிக்குப் புதுநன்மை. கிறிஸ்தவக் குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள் அது. வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. பதினான்கு நாளை விரல் விட்டு எண்ணினால் அந்த ஞாயிறைத் தாண்டித் திங்கட்கிழமையில் போய் நிற்கிறது. ஒரே ஒரு நாளில் தவறுகிறது.

"அடுத்த வருசம் வாங்கிக்கலாம்மா" என்றார் டீச்சர் என்னிடம். "புள்ள நல்லா இருந்தாப் போதும். எதுவோ உள்ள இருக்கு, என்னன்னு தெரியாம இருக்கதுதான் தாங்கல."

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துத் திங்கள். ஜெனி வந்து உட்கார்ந்தாள். ஊசி குத்தும்போது அவள் பேசிக்கொண்டே இருப்பாள், அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

"அக்கா, ரத்தம் குடுக்குறது ஒறுத்தல்ல சேருமா?"

எனக்கு அந்த வார்த்தை தெரியாது. என் வீட்டில் கார்த்திகைக்கு விரதம் இருப்போம், அவ்வளவுதான். அவள் பொறுமையாக விளக்கினாள். ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம். நாற்பது நாள். ஆளுக்கொரு பிடித்த பொருளை விட்டுவிட வேண்டும். அதுதான் ஒறுத்தல். புதுநன்மை வாங்கப் போகிறவர்கள் இன்னும் ஒழுங்காக விட வேண்டும். கோயிலில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் சில பேர் டிவியை விட்டார்கள். ஒருத்தன் கோழிக்கறியை விட்டுவிட்டு மீன் தின்கிறானாம். அவனைப் பற்றி ஜெனிக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

நீ எதை விட்டாய் என்று கேட்டேன்.

"இனிப்பு. ஆனா இன்னொண்ணு இருக்கு. யார்ட்டயும் சொல்லக் கூடாது. சொல்லிப் பெருமை அடிச்சா அது சேராது. சொல்ல மாட்டீங்கள்ல?"

சொல்ல மாட்டேன் என்றேன். தங்கைகளே, தம்பிகளே, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ரத்தம் வரவேண்டும் என்ற அவசரத்தில் நாம் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவோம்.

"பேஸ்ட்டு" என்றாள் ரகசியமாக. "ஸ்ட்ராபெர்ரி பேஸ்ட்டு. அது இனிப்புத்தானக்கா. அம்மா ஊத்தித் தர்ற கொப்பளிக்கிற மருந்தும் இனிப்புத்தான். ரெண்டையும் விட்டுட்டேன்."

பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷ்ஷால் விளக்குகிறாயா என்று கேட்டேன்.

"அது எப்டிக்கா? பிரஷ்ஷே ஸ்ட்ராபெர்ரியாத்தான இருக்கு. மோந்து பாருங்க தெரியும். கொழாய்ல நனைச்சு வச்சுட்டு, மருந்தயும் அங்கயே ஊத்திருவேன். அம்மா தொட்டுப் பாப்பாங்க, ஈரமா இருக்கும்."

நாற்பது நாள். டீச்சர் தினமும் காலையில் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்து, ஈரம் என்று நோட்டில் டிக் அடித்திருக்கிறார். அந்த டிக்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஊசியை எடுத்தேன், பஞ்சு வைத்தேன், உதட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஈறு முழுக்க வீங்கி, பளபளவென்று செக்கச் செவேல். பல் ஓரங்களில் மஞ்சள் படிவம். அப்போதுதான் அந்தக் கொய்யா ஞாபகம் வந்தது. அது கொய்யாவின் சிவப்பு இல்லை, இவள் ஈறின் ரத்தம். அதே சமயம் சிரிப்பும் பொங்கிக்கொண்டு வந்தது. வயிற்றுக்குள் இருந்தவளும் ஒரு உதை உதைத்தாள். இப்படி ஒரு நிலைமைக்கு நம் பாடப்புத்தகத்தில் அத்தியாயமே கிடையாது.

வெளியே பெஞ்சில் டீச்சர் பர்ஸை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக நின்றது: பயப்படாதீங்க டீச்சர், பல் விளக்காததுதான் காரணம், மதுரைக்கெல்லாம் போக வேண்டாம். எவ்வளவு இனிப்பான வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னைக் கட்டிப்பிடித்திருப்பார். ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? ஈறு சிவந்திருக்கிறது என்று தெரியும். எண் ஏறியிருக்கிறது என்று தெரியும். இது அதற்குக் காரணம் என்று சொல்ல நான் யார்? உள்ளே வேறெங்கோ புகைந்துகொண்டிருந்தால்? அந்த மாதிரிக் குழந்தைகளுக்கு ஈறு புண்ணே ஒரு வாசல், அதன் வழியாக ரத்தத்துக்குள் கிருமி போகலாம் என்று வேறு படித்திருக்கிறேன். வேடிக்கையான காரணம் கிடைத்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று மனது நம்பிவிடுகிறது. அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

அதனால் ஜெனி முன்னால் மண்டி போட்டேன். ஆறரை மாத வயிற்றோடு மண்டி போடுவது சும்மா இல்லை. நான் சொல்ல மாட்டேன், நீயே சொல் என்றேன். சொன்னால் நாற்பது நாளும் வீணாகிவிடும் என்றாள். வீணாகாது என்றேன். "ஒங்களுக்கு எப்டித் தெரியும், நீங்க கோயிலுக்கே வர மாட்டீங்களே" என்றாள். நியாயம்தான். கடைசியில் ஃபாதரைக் கேட்பது என்று முடிவானது. ஃபாதரைக் கேட்க வேண்டுமானால் அம்மாவின் போன் வேண்டும். போன் வேண்டுமானால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். இந்தச் சிக்கல் அவளுக்கே புரிந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய்ச் சொல்லிவிட்டாள்.

டீச்சர் நோட்டைத் திறந்து டிக்குகளைப் பார்த்தார். "நான் ஈரத்தத்தான் பாத்துருக்கேன்" என்றார். கொய்யாவில் கோட்டை விட்ட நான் அவரை என்ன கேட்பது?

ஃபாதர் போனில் தீர்ப்புச் சொன்னார்: பேஸ்ட் இனிப்புக் கணக்கில் வராது, பல் விளக்குவது கடமை, ஆனால் செய்த நாற்பது நாளும் சேரும். பின்னணியில் வேறு யாரோ சிரிப்பது கேட்டதாக ஜெனி மனத்தாங்கலோடு சொன்னாள்.

அடுத்து மதுரைக்கு யார் சொல்வது? நாம் ரிப்போர்ட் அனுப்புகிற ஆட்கள், மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுகிற ஆட்கள் இல்லை. டீச்சர் போனை என்னிடமே நீட்டிவிட்டார். பார்த்தது நான். எனவே நான்தான் பேச வேண்டும். ஸ்டோர் ரூமுக்குள் போய், மருந்துப் பெட்டிகளுக்கு முன்னால் மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். காரணம் என்ற வார்த்தை வரக் கூடாது. பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். டவுன் பேச்சில் கம்பீரமாகச் சொல்ல வேண்டும். போனை எடுத்ததும் எல்லாம் போய் ஆயக்குடி வந்துவிட்டது.

"ஏனுங்க மேடம், ஜெனி நாப்பது நாளா பல்லு வெளக்கலீங்க. ஈறெல்லாம் வீங்கி, கடிச்சா ரத்தம் வருதுங்க. ரெண்டு வாரம் முந்தியே நான் பாத்தேனுங்க, கொய்யான்னு நெனச்சுட்டேன்."

"என்ன கொய்யா?" என்றார் மருத்துவர்.

முழுக்கதையும் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. எந்தப் பக்கத்து ஈறு, பல் ஏதாவது ஆடுகிறதா, வாயில் வெள்ளைப் புண் இருக்கிறதா, இன்று அணு எண்ணிக்கை என்ன என்று வரிசையாகக் கேட்டார். அவர் கேட்கக் கேட்க என் குரல் நேரானது. "நல்லது, சொன்னதுக்கு" என்று வைத்துவிட்டார். நான் ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தேன். அது சிரிஞ்சுப் பெட்டி, நசுங்கிவிட்டது. அதை இன்று வரை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை, இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைய எண் இருபத்துமூன்று. இறங்கவில்லை. ஆனால் மருத்துவர் வியாழன் வரை அவகாசம் கொடுத்தார், நிபந்தனைகளோடு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காய்ச்சல் பார்க்க வேண்டும், லேசாகச் சுட்டாலும் நேரே மதுரை. அன்றே நெஞ்சு எக்ஸ்ரே. அன்றே கிருமியைக் கொல்லும் மாத்திரை தொடங்க வேண்டும், அதன் பிறகே பல் மருத்துவர் கை வைக்க வேண்டும்.

பல் மருத்துவர் எங்களுக்கு எதிர் வரிசையில்தான். பஞ்சால் துடைப்பது போல மெதுவாகச் சுத்தம் செய்தார். டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அவள் பிரஷ்ஷை வாங்கி மோந்து பார்த்து, ஆமாம், ஸ்ட்ராபெர்ரிதான் என்று ஒத்துக்கொண்டார். அதிலேயே ஜெனி அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள். புது பிரஷ்ஷும் வேறு ஒரு பேஸ்ட்டும் கொடுத்தார்.

"இது கசக்குமா?" என்றாள்.

"லேசாக் கசக்கும்."

"அப்பச் சரி."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் என்ன வேலை பார்த்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு தாத்தாவிடம் இரண்டு முறை பெயர் கேட்டேன், மூன்றாவது முறை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழன் காலை ரத்தம் எடுத்தேன். மெஷின் ஓடுகிற நேரத்தில் அதைப் பார்க்கக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஒன்பது. மறுபடி ஓட்டினேன், ஒன்பது. எனக்கு நானே நம்பிக்கை தருவதற்காக மூன்றாவது முறையும் ஓட்டினேன், ஒன்பதேதான்.

முதலில் மதுரைக்கு அனுப்பி, அங்கிருந்து சேர்க்க வேண்டாம் என்று பதில் வந்த பிறகுதான் டீச்சருக்குப் போன் செய்தேன். இந்த வரிசை முக்கியம், எனக்கு அதற்குள் உயிர் போய் வந்தது. அவர் வகுப்பில் இருந்தார். ஒன்பது என்றேன், மதுரைக்குப் போக வேண்டியதில்லை என்றேன். நாற்காலி தள்ளுகிற ஓசை, அதன் பிறகு முப்பது பிள்ளைகள் கை தட்டுகிற ஓசை. எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. டீச்சர் அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்துத் தட்டியிருக்கிறார்கள். நானும் இந்தப் பக்கம் போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினேன்.

புதுநன்மைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பின் வரிசையில் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவத்தி. ஜெனியின் முறை வந்தது. கோயிலே கண்ணை மூடித் தலை குனிந்திருந்தது. நான் மட்டும் எழுந்து கழுத்தை நீட்டினேன். நற்கருணை வாங்க அவள் வாய் திறந்த அந்த ஒரு விநாடியில் ஈறைப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. நல்ல இளஞ்சிவப்பு. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா என்னைப் பெரிய பக்தை என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஈறு சுத்தமானதால் எண் இறங்கியதா? வேறு எங்கோ ஒளிந்திருந்த ஒன்றை அந்த மாத்திரை அடக்கியதா? இரண்டும் ஒரே நாளில் தொடங்கின. யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மதுரை மருத்துவரிடமே பிறகு ஒரு முறை துணிந்து கேட்டேன். "ஈறும் ஒரு காரணமா இருந்திருக்கும். அது மட்டும்தான்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றார். பிறகு ஜெனியின் ஃபைலில் வாய், ஈறு என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அதை யாராவது நிரப்ப வேண்டும். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்: கையை நீட்டச் சொல்லும்போதே உதட்டையும் தூக்கச் சொல். நாம் மருத்துவர் இல்லை, ஆனால் அந்தக் குழந்தைக்கு மாதா மாதம் அவ்வளவு பக்கத்தில் உட்காருகிற ஆள் நாம்தான்.

என் மகளுக்கு இப்போது கீழே இரண்டு பல். ஒரு நாளைக்கு ஆறு முறை அவள் ஈறைப் பார்க்கிறேன். அவள் என் விரலைக் கடிக்கிறாள். எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமாகிவிட்டது.

உங்களிடம் ஆலோசனை கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இந்த வருடம் எதை விட்டாலும் முதலில் லேப் அக்காவிடம் கேட்க வேண்டும் என்று டீச்சர் சட்டம் போட்டிருக்கிறார். நான் வேலையில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நேற்று ஜெனி போன் செய்து ஒரு பட்டியல் வாசித்தாள். தயிரை விடக் கூடாது என்றேன். முட்டையை விடக் கூடாது என்றேன். மத்தியானத் தூக்கம், தண்ணீர், சோப்பு, மூன்றையும் விடக் கூடாது என்றேன். தொண்டையைக் காட்டுவதை விட்டுவிடட்டுமா என்றாள். கூடவே கூடாது என்றேன். "அப்ப நாந்தான் எதையுமே விட முடியாத ஆளாக்கா?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவளுக்கு நிஜமாகவே பிடித்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்க மாட்டாள். விட்டால் கஷ்டமாக இருக்க வேண்டும். அவள் உடம்பில் ஒரு அணுவுக்குக்கூடத் தெரியக் கூடாது. அப்படி ஏதாவது உங்களுக்குத் தோன்றினால், புதன்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.